அருமனையிலிருந்து அனந்தபுரிக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கோரத்தில், ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே அமைந்த ஊர் அருமனை. இங்கே நின்று தலைநகரம் எது என்று கேட்டால், பள்ளிச் சிறுவன் சென்னை என்பான். அது ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எண்பதை நெருங்கும் பெரியவரோ ஒரு கணம் தயங்கி, வடமேற்குத் திசையை நோக்கிக் கைகாட்டக் கூடும். அங்கே, 50 கிலோமீட்டருக்குள், திருவனந்தபுரம் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை அருமனையின் தலைநகரம் அதுதான். மேற்படிப்பு, பெரிய வழக்கு, தீராத நோய் என எல்லாவற்றுக்கும் ஊரார் அங்கேதான் போனார்கள். மருத்துவத்திற்காக இன்றும் பலர் எல்லையைக் கடக்கிறார்கள்.

அரசியல் எல்லை மாறினாலும் ஆலயத் தொடர்பு மாறவில்லை. 1750ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா தம் அரசு முழுவதையும் ஸ்ரீபத்மநாப சுவாமியின் திருவடிகளில் ஒப்படைத்தார். திருப்படித்தானம் எனப் போற்றப்படும் அந்நிகழ்ச்சிக்குப் பின் மன்னர்கள் பத்மநாபதாசர்களாகவே ஆண்டார்கள். அந்தக் கணக்கில் அருமனை மக்களின் முன்னோர் அனைவரும் பெருமாளின் குடிகள். குடிகள் தம் மன்னனைக் காணச் செல்வது போன்ற உரிமையோடுதான் இப்பகுதியின் முதியோர் இன்றும் அனந்தபுரிக்குப் புறப்படுகிறார்கள். ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதுமா? விடுமுறை நாட்களில் கோட்டைப் பகுதியில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை.

2023ஆம் ஆண்டு நவராத்திரியின்போது ஆயுத பூஜை திங்கட்கிழமையும் விஜயதசமி செவ்வாய்க்கிழமையும் வந்தன. சனி, ஞாயிறோடு சேர்த்து நான்கு நாட்கள் விடுமுறை. (அது மூன்றாவது சனிக்கிழமையாக அமைந்ததால் வங்கி ஊழியர்களுக்கு மட்டும் ஒரு நாள் குறைந்தது.) அருமனையில் ஒரு வீட்டில் அந்த நான்கு நாட்களைப் பற்றிய பேச்சு புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டது.

அவ்வீட்டின் தலைவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய மனைவிக்கு வயது 77. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம்; கைத்தடியின் துணையோடு மெல்ல நடப்பார். மகன் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். விடுமுறைக்கு மனைவி மகளோடு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் வருவதாகவும், இம்முறை அம்மாவையும் அப்பாவையும் திருவனந்தபுரம் அழைத்துச் செல்வதாகவும் தொலைபேசியில் சொன்னார். அதோடு நில்லாமல் ஒரு பட்டியலும் அனுப்பினார். பத்மநாப சுவாமி கோயில், பழவங்காடி கணபதி, ஆற்றுக்கால் பகவதி, குதிரமாளிகை, அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலை, சங்குமுகம் கடற்கரை, கோவளம், பூஜப்புரை, நவராத்திரி மண்டபக் கச்சேரி, சாலைக் கடைவீதி என இரண்டே நாட்களில் பதினோரு இடங்கள்.

ஆசிரியர் அதைப் படித்துக் காட்டினார். அந்த அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நீங்க போயிட்டு வாங்க. நான் வந்தா உங்களுக்குத்தான் இடைஞ்சல்" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் ஐம்பது ஆண்டு ஆசை ஒன்று இருந்தது. அது என்ன என்பதை அறிய, இப்பகுதியின் நவராத்திரியை அறிந்துகொள்ள வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி தேவி, கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது ஐதிகம். பத்மநாபபுரம் தலைநகரமாக இருந்தபோது நவராத்திரி அங்கேயே நடந்தது. 1795ஆம் ஆண்டில் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறிய பின்னர் விழாவும் அங்கே போயிற்று. ஆனால் அன்னையின் இருப்பிடம் மாறவில்லை. ஆகவே ஆண்டுதோறும் அன்னை தம் வீட்டிலிருந்து புறப்பட்டு விழாவுக்கு எழுந்தருளி, விழா முடிந்ததும் வீடு திரும்புகிறார். துணைக்கு வேளிமலைக் குமாரகோயிலின் முருகப்பெருமானும் சுசீந்திரத்தின் முன்னுதித்த நங்கையும் வருகிறார்கள். வழக்கமாக அன்னை யானை மீதும் மற்ற இருவரும் பல்லக்குகளிலும் எழுந்தருள்வார்கள். முன்னே மன்னரின் உடைவாள் செல்லும். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில். அதைப் பராமரிப்பது கேரள அரசு. இரு மாநிலத்தாரும் கூடி நின்று அன்னையை வழியனுப்பும் காட்சியே ஒரு தனி விழா.

இந்தப் பயணத்தின் அட்டவணையை முதியோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இன்றைய வாகனத்தில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும் தொலைவுக்கு அன்னை எடுத்துக்கொள்வது மூன்று நாட்கள். முதல் நாள் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் எல்லை கடந்து, இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயிலில் தங்கல். மூன்றாம் நாள் மாலைதான் கரமனை வழியாகக் கோட்டைக்குள் வருகை. அங்கும் மூவரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துத் தங்குவதில்லை. சரஸ்வதி நவராத்திரி மண்டபத்திலும், முருகன் ஆரியசாலைக் கோயிலிலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும் வீற்றிருப்பார்கள். விஜயதசமியன்று முருகன் மட்டும் வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருள்வார். அது முடிந்ததும் உடனே ஊர் திரும்புவதில்லை. ஒரு நாள் நல்லிருப்பு. அதன் பிறகே புறப்பாடு.

குழித்துறை அருமனைக்கு அருகில்தான். அந்த அம்மையார் புதுமணப் பெண்ணாக அருமனைக்கு வந்த ஆண்டு முதல், அன்னை தங்கும் இரவில் குழித்துறைக்குச் சென்று தரிசிக்கத் தவறியதில்லை. ஆனால் வழிப்பயணத்தில் கண்ட அன்னையைத் தலைநகரில் கொலுவீற்றிருக்கும் கோலத்தில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. சரஸ்வதி பூஜை நாட்களில் வீடு நிறைய விருந்தினர். சுண்டலும் அவலும் பொரியும் படைத்து முடிப்பதற்குள் விழா முடிந்துவிடும். இன்னொரு காரணமும் இருந்தது. நவராத்திரி மண்டபத்தின் பழைய மரபில் பெண்களுக்கு இடம் இல்லை. சுவாதித் திருநாள் மகாராஜாவின் நவராத்திரிக் கீர்த்தனைகளை நாளுக்கொன்றாகப் பாடும் அந்தச் சபையில், 2006ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக ஒரு பெண்மணி பாடினார். அவர் பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. பாறசாலை, களியக்காவிளைக்கு அடுத்த ஊர். அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தை அருமனை அம்மையார் வெட்டி எடுத்துப் பூஜை அறை அலமாரியில் வைத்திருந்தார். அது பழுப்பேறி அங்கேயே இருந்தது.

ஆசிரியருக்கு அது தெரியும். அவர் மகனின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கோடு கிழிக்கத் தொடங்கினார். வங்கியில் இருப்புக்கு மேல் காசோலை எழுதினால் அது திரும்பி வந்துவிடும். முதுமையில் உடல் வலிமையும் அப்படிப்பட்ட இருப்புதான். காலையில் ஆயிரம் அடி நடந்தால் மாலையில் எவ்வளவு மீதி என்று அறிந்து எழுத வேண்டும். கோவளம், சங்குமுகம், மிருகக்காட்சி சாலை, அருங்காட்சியகம் நான்கும் முதலில் போயின. பூஜப்புரைக்கும் கோடு விழுந்தது. விஜயதசமி விடியலில் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் பெற்றோரின் கூட்டம் நகரம் முழுவதும் பெருகும். முதியோர் அந்நாளில் அங்கே இருக்கவே கூடாது என்பது அவர் முடிவு. கச்சேரியையும் விட்டார். இரண்டரை மணி நேரம் தரையில் அமர்வது அந்த முழங்கால்களால் ஆகாது. இறுதியில் தாளில் நின்றவை நான்கு: சரஸ்வதி, முருகன், நங்கை, பத்மநாபன். நான்கும் கோட்டையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்குபவை.

அண்டை வீட்டார் ஒருவர் இதைக் கேட்டு, "பக்கத்திலே திருவட்டாறு இருக்கும்போது இந்த நெரிசல்ல பத்மநாபனைத் தேடிப் போகணுமா?" என்றாராம். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 22 அடி; பத்மநாபரின் திருமேனி 18 அடி. இரண்டும் கடுசர்க்கரைப் படிமங்கள். இரண்டும் மூன்று வாயில்கள் வழியே தரிசிக்க வேண்டிய சயனக் கோலங்கள். இரண்டுமே நம்மாழ்வார் மங்களாசாசனம் செய்த தலங்கள். 2022ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று, 418 ஆண்டுகளுக்குப் பின் திருவட்டாற்றில் குடமுழுக்கு நடந்தபோது இந்த வட்டாரமே அங்கே திரண்டது. ஆசிரியர் விவாதிக்கவில்லை. சிரித்துவிட்டுத் தம் தாளுக்குத் திரும்பினார்.

நாள் தேர்விலும் நிதானம் காட்டினார். மகன் சனிக்கிழமை காலை குழித்துறையில் இறங்குவார். அன்றே புறப்படலாம் என்பது மகனின் எண்ணம். ஆசிரியர் அன்று முழுவதும் ஓய்வு என்றார். அன்னையே குழித்துறையில் ஓர் இரவு தங்கித்தானே போகிறார் என்பது அவர் வாதம். ஞாயிறு பிற்பகல் உணவு முடித்துச் சிறிது கண்ணயர்ந்து புறப்படுவது. கோட்டைக்கு அருகே முன்கூட்டியே சொல்லி வைத்த தரைத்தள அறையில் இரவு தங்குவது. திங்கள் காலை தரிசனம் முடித்து, விஜயதசமிக் கூட்டம் வந்து சேருமுன் ஊர் திரும்புவது. இதுதான் திட்டம்.

இனி மற்ற ஏற்பாடுகள். திருவனந்தபுரத்திற்கு அருமனையிலிருந்து செல்வோர் பேருந்தில் மார்த்தாண்டமோ களியக்காவிளையோ சென்று மாறலாம். குழித்துறை நிலையத்தில் ரயில் ஏறலாம். இளையோருக்கு ரயில் சிறந்தது. ஆனால் விடுமுறைக் காலப் பெட்டிகளில் முதியோர் ஏறி இறங்குவது கடினம். மேம்பாலப் படிகளும் உண்டு. இவர்கள் ஊரிலேயே ஒரு வாடகைக் காரை ஏற்பாடு செய்து, கோட்டையில் இறங்கியதும் அதைத் திருப்பி அனுப்பி, மறுநாள் பிற்பகல் மீண்டும் வரச் சொன்னார்கள். கோட்டைப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் தேடி அலையும் துன்பம் இதனால் நீங்கிற்று. பாலராமபுரம் சந்திப்பில் வண்டிகள் தேங்கி நிற்கும் என்பதால் பயண நேரத்தில் அதற்கும் அரை மணி சேர்த்துக்கொண்டார்கள்.

பத்மநாப சுவாமி கோயிலுக்குச் செல்லும் அன்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். அதிகாலை மூன்றரை மணிக்கு நிர்மால்ய தரிசனம். அதன் பின் நடை தொடர்ந்து திறந்திருப்பதில்லை. பூஜைகளுக்கிடையே சாத்தித் திறப்பார்கள். நண்பகலில் சாத்தினால் மாலை ஐந்து மணிக்குத்தான் மீண்டும் திறப்பு. விழாக் காலங்களில் இந்நேரங்கள் மாறுவதும் உண்டு. ஆகவே முதல் நாளே கேட்டறிவது நல்லது. ஆண்கள் வேட்டியோடு மேலாடையின்றிச் செல்ல வேண்டும். பெண்களுக்குப் புடவை ஏற்றது. சுடிதார் அணிந்தோர் அதன் மேல் முண்டு சுற்றிக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்கு அனுமதியில்லை. கூட்டத்தில் பிரிந்தால் அழைத்துப் பேச வழியில்லாததால், எங்கே சந்திப்பது என்பதை வெளியிலேயே பேசி முடிவு செய்துகொள்வது அவசியம். கிழக்கு வாயிலில் ஏறுவதற்குப் படிகள் உள்ளன. நீரிழிவு உள்ளவர்கள் தரிசனத்திற்குப் பின்தான் உணவு என்று வைராக்கியம் கொள்ளலாகாது. வரிசை எவ்வளவு நீளும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. ஐப்பசி பிறந்துவிட்டால் மழையும் நிச்சயம், குடை தேவை.

ஆசிரியர் இவை அனைத்தையும் எழுதி முடித்து, அந்தத் தாளை மனைவியின் கையில் கொடுத்தார். அவர் கண்ணாடியை அணிந்து மெதுவாகப் படித்தார். பதினொன்று நான்காகிவிட்டதைப் பார்த்தார். முதல் வரியில் சரஸ்வதி என்று இருந்தது. "அப்ப அந்த நீலக்கரை வேட்டி நேரியதை வெயில்ல போடணும்" என்று எழுந்துபோனார்.

ஞாயிறு மாலை அவர்கள் கோட்டையை அடைந்தபோது நகரம் நிரம்பி வழிந்தது. துர்காஷ்டமி மாலை, வீடுகளிலும் கோயில்களிலும் ஏடுகளையும் கருவிகளையும் பூஜைக்கு வைக்கும் நேரம். கிழக்கே கோட்டையிலிருந்து பழவங்காடி வரை தலைகளாகவே தெரிந்தன. அன்று அவர்கள் எங்கும் செல்லவில்லை. அறையில் இட்லி வரவழைத்து உண்டுவிட்டு எட்டரை மணிக்கே படுத்துக்கொண்டார்கள். மகனுக்கு உறக்கம் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்து அறையில் அடைந்து கிடக்கிறோமே என்ற குறை அவருக்கு.

மறுநாள் விடிந்ததும் நவராத்திரி மண்டபம். மாலையில் நிரம்பி வழியும் அந்த இடம் காலையில் அமைதியாக இருந்தது. விளக்கொளியில், மலர்களுக்கும் ஏடுகளுக்கும் நடுவே, பதினோரு நாட்களுக்கு முன் குழித்துறையில் கண்ட அதே அன்னை. அந்த இரவில் வழிப்போக்கர் போலத் தோன்றியவர் இங்கே அரசியாக வீற்றிருந்தார். அம்மையார் கைத்தடியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, மகனின் தோளைப் பற்றியபடி நின்றார். எவரும் அவரை நகரச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்பதை வீட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பேத்தியின் கணக்கு கால் மணி நேரம்.

ஆட்டோவில் ஆரியசாலைக்கும் செந்திட்டைக்கும் போய் வந்தார்கள். வேளிமலை முருகனை அவர் ஊர்க்காரரை விசாரிப்பது போலத் தரிசித்தார் என்று ஆசிரியர் பின்னர் சொல்லிச் சிரித்தார். சிற்றுண்டி முடித்துப் பெருமாள் கோயில் வாயிலுக்கு வந்தபோதுதான் திட்டம் தடுமாறிற்று. வரிசை கிழக்கு நடையைத் தாண்டிச் சாலையில் வளைந்து நின்றது. மகன் கலங்கிப் போனார். அதிகாலையிலேயே இங்கு வந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆசிரியர் பேசாமல் வரிசையின் நீளத்தையும் மனைவியின் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மையார்தான் முடிவு சொன்னார். "மக்களே, நீங்க போய் சேவிச்சுட்டு வாங்க. நான் குளக்கரையில இருக்கேன். ஆதிகேசவன் நம்ம வீட்டுப் பக்கத்துலதானே படுத்திருக்காரு. அவரு வேற, இவரு வேறயா?"

அண்டை வீட்டார் தடை சொல்லக் கேட்ட அதே வார்த்தை, இப்போது வேறு பொருளில் வந்தது. பத்மதீர்த்தக் கரையோரம் நிழலில் ஓர் இடம் பார்த்து அமர்ந்தார். பேத்தி உடன் இருந்தாள். ஏழு நிலைக் கோபுரம் எதிரே உயர்ந்து நின்றது. பாட்டி அவளுக்கு மூன்று வாயில்களைப் பற்றிச் சொன்னார். முதல் வாயிலில் திருமுகமும் சிவலிங்கத்தின் மேல் நீண்ட திருக்கரமும், நடு வாயிலில் நாபிக்கமலமும் அதில் பிரமனும், மூன்றாவதில் திருவடிகளும் தெரியும். கூட்ட நாட்களில் ஒவ்வொரு வாயிலுக்கும் சில நொடிகளே கிடைக்கும். எல்லாவற்றையும் பார்த்துவிட அவசரப்பட்டால் ஒன்றும் மனத்தில் நிற்காது. எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். "நீங்க எதைப் பாப்பீங்க பாட்டி?" என்றாள் பேத்தி. "திருவடி" என்றார் அவர்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து மற்றவர்கள் வெளியே வந்தார்கள். மகன் முதலில் வந்து, தாமரை மொட்டு ஒன்றையும் இலையில் பொதிந்த சந்தனத்தையும் தாயின் கையில் வைத்தார். பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கார் களியக்காவிளையைக் கடந்தது. எதிர்த்திசையில், விஜயதசமிக்காகத் திருவனந்தபுரம் செல்லும் வண்டிகள் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தன.

விஜயதசமி கழிந்து, நல்லிருப்பும் கழிந்து, அன்னை வீடு திரும்பும் பயணத்தில் மீண்டும் குழித்துறையில் தங்கிய இரவு, மகன் சென்னைக்குத் திரும்பிவிட்டிருந்தார். ஆசிரியரும் மனைவியும் ஆட்டோவில் சென்றார்கள். மகாதேவர் கோயில் வாசலில் வழக்கமான கூட்டம். தெரிந்தவர்கள் இருவர், "அம்மா இந்தத் தடவ திருவனந்தபுரம் போயிருந்தீங்களாமே, எப்படி இருந்தது?" என்று விசாரித்தார்கள். அவர் அகல்விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அன்னை அங்கே எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தார், என்ன நிறப் பட்டு உடுத்தியிருந்தார் என்று அவர்களுக்கு விவரமாகச் சொல்லத் தொடங்கினார். ஆட்டோக்காரர் இருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.